கிணற்று மேட்டு டவர்

அந்த அக்கா வெட்டவெயிலில் உட்கார்ந்திருந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டிருந்தார். மடியில் எங்கள் முளைக்குச்சி கிடந்தது.

சிவப்புச் சாயம் பூசிய சாதாரண மரக்குச்சிதான். உயரழுத்த மின்லைன் போகும் பாதையில் டவர் வரவேண்டிய இடத்துக்கு அடையாளமாக சர்வே ஆட்கள் அடித்துவிட்டுப் போவார்கள். எப்போதும்வென்றான் என்ற ஊருக்குக் கிழக்கே ஒரு புஞ்சையில் மட்டும் அடிக்க அடிக்க அதை யாரோ பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மாடு இடித்திருக்கும் என்று முதலில் நினைத்தோம். மாடு பிடுங்கினால் குச்சி அங்கேயே கிடக்கும். இது வரப்பில் பத்திரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதனால்தான் சர்வேயர் வெங்கடேசன் என்னை வந்து பார்க்கச் சொன்னார்.

மாசி மாதம். மிளகாய் வத்தல் பறித்து முடிந்து செடிகள் கறுத்து நின்றன. கரிசல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. பிடுங்குவது யாரென்று தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"நீங்கதான் பிடுங்குதீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"ஏங்க்கா?"

அவர் குச்சியைத் தரையில் வைத்தார்.

"கீழ எம்புள்ள கெடக்கா."

அந்த ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று பின்னாளில் அவர் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அவரை ஜக்கம்மாள் என்று வைத்துக்கொள்கிறேன்.

கட்டங்களும் விலையும்

லைன் போகிற வழியைக் கணக்குப் போட்டா முடிவு செய்வீர்கள் என்று இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். ஆமாம், கணக்குப் போட்டுத்தான்.

விளாத்திகுளம் பக்கம் ஒரு பெரிய சூரிய மின்நிலையம் வந்தது. அங்கே சேரும் மின்சாரத்தைக் கோவில்பட்டிப் பக்கத்துத் துணைமின் நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான் வேலை பார்த்த கம்பெனிக்குத்தான் பாதை போடுகிற வேலை. நேர்கோடு இழுத்தால் வழியில் கண்மாய் வரும், ஊர் வரும், பள்ளிக்கூடம் வரும். ஆகவே நிலம் முழுவதையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்போம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலை வைப்போம். தரிசு என்றால் குறைந்த விலை. நஞ்சை என்றால் அதைவிடக் கூடுதல். வீடு, கோயில், கண்மாய் என்றால் கிட்டத்தட்டத் தாண்டவே முடியாத விலை. லைன் திரும்புகிற இடத்தில் கனமான டவர் வேண்டும் என்பதால் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு விலை. கரிசலில் அஸ்திவாரம் ஆழமாகப் போக வேண்டும் என்பதால் மண்ணுக்கும் தனி விலை.

இப்படி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால், தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் வழியைக் கணினி தேடித் தந்துவிடும். பாடப்புத்தகத்தில் உகப்பாக்கம் என்று போட்டிருப்பார்கள். நாங்கள் ஆப்டிமைசேஷன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கேட்டால் பெரிதாகத் தெரியும். ஆனால் இதைத் தினமும் செய்கிற மனிதரை நான் சின்ன வயசிலேயே பார்த்திருக்கிறேன்.

என் அப்பா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றுக்கு வேன் ஓட்டினார். சுற்றுப்பட்டு ஊர்களில் வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டுகிற பெண்களுக்கு அட்டையும் தாளும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஒட்டி முடித்த பெட்டிகளை ஏற்றிவர வேண்டும். எந்த ஊருக்கு முதலில் போனால் டீசல் மிச்சம் என்று அவருக்கு அத்துபடி. ஆனாலும் வாரத்தில் ஒருநாள் தேவையில்லாமல் சுற்றிப் போவார். அந்த வழியில்தான் என் அத்தை வீடு. அங்கே ஒரு காப்பி கிடைக்கும். அம்மா கண்டுபிடித்துவிட்டுத் திட்டுவாள். அப்பா, வண்டிக்கு அந்த ரோடுதான் ஒத்துக்கிடும் என்பார்.

சென்னை அலுவலகத்தில் நான் பாதை போட உட்காரும்போதெல்லாம் இது ஞாபகம் வந்து எனக்குள் சிரித்துக்கொள்வேன். ஜக்கம்மாள் அக்காவைப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது.

கிணற்றுக்கு நான் வைத்த விலை

எந்த நிலத்துக்கு என்ன விலை என்று உத்தேசமான ஒரு பட்டியல் எங்களிடம் உண்டு. எங்கேயோ இருந்து வந்த பட்டியல் அது. அதில் கிணற்றுக்கு வைத்திருந்த மதிப்பைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. தென்னை மரத்துக்கும் கிணற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை அதில்.

எங்கள் பக்கம் பூராவும் மானாவாரி. மழை பெய்தால் விதைப்பு, இல்லாவிட்டால் வெறுங்காடு. தோண்டினால் பாதி இடத்தில் உப்புத் தண்ணீர். அதில் நல்ல தண்ணீர் ஊறுகிற கிணறு ஒன்று வாய்த்துவிட்டால் அந்தக் குடும்பம் தலை நிமிர்ந்துவிடும். ஆகவே கிணற்றுக்கான விலையைக் கோயிலுக்கு அடுத்த இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். குழுத் தலைவர் பார்த்துவிட்டு, உங்க ஊர்ப் பாசமா என்று கேட்டார். மண்ணைத் தெரிஞ்சவ வைக்கிற விலை சார் என்றேன். விட்டுவிட்டார்.

அதனால் எங்கள் பாதை வழியிலிருந்த எல்லாக் கிணறுகளையும் விட்டு ஒதுங்கிப் போனது. எனக்கு அதில் பெருமைதான். ஜக்கம்மாள் அக்காவின் புஞ்சைக்குப் பக்கத்தில் ஒரு கிணறு இருந்தது. அதை விட்டு விலகுவதற்காகத்தான் லைன் அந்தப் புஞ்சையின் மூலையில் போய்த் திரும்பியது. திரையில் அந்த மூலை சுத்தமாக இருந்தது. வீடு இல்லை, மரம் இல்லை, கல் இல்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு கறுப்புச் சதுரம், அவ்வளவுதான்.

கொஞ்சம் முன்னால் பின்னால் நகர்த்தினால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். நேராகப் போகும் லைனில் அது சுலபம். இது வளைகிற டவர். முன்னால் தள்ளினால் கண்மாய்க்குள் இறங்கும். பின்னால் தள்ளினால் ஊர் வீடுகளுக்கு மேலே கம்பி போகும். பக்கவாட்டில் ஒரே ஒரு இடம்தான் உண்டு. வரப்புக்கு அந்தப் பக்கம், கிணற்றடி.

வனிதா

அன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜக்கம்மாளின் வீட்டுக்காரர் கெங்குசாமி அண்ணாச்சி நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு, சுவரோரம் நின்றுகொண்டார். வீட்டுக்குள் அவர்கள் தெலுங்கு பேசுகிற குடும்பம். என்னிடம் தமிழில் பேசினார்கள்.

ஒரே பிள்ளை. வனிதா. பதினொன்றாம் வகுப்பு படித்தாள். சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. உள்ளூரில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். விட்டு விட்டு அடித்தது. மழை கொட்டிய ஒரு பிற்பகலில் பிள்ளைக்கு நினைவு தடுமாற ஆரம்பித்தது. ஓடையில் தண்ணீர் போனதால் பஸ் வரவில்லை.

கெங்குசாமிக்கு ஒரு தம்பி, சீனிச்சாமி. விளாத்திகுளம் பக்கம் பெண் எடுத்த ஊரில் குடியிருந்தார். அவரிடம் லோடு ஆட்டோ இருந்தது. அண்ணன் தம்பிக்குள் அப்போதுதான் பாகம் பிரித்திருந்தார்கள். நிலத்தில் பெரும்பகுதி அண்ணனுக்கு, கிணறு இருந்த பகுதி தம்பிக்கு. அதில் இரண்டு பேருக்குமே மனக்குறை, பேச்சு கொஞ்சம் தடித்திருந்தது. இருந்தாலும் பிள்ளைக்கு ஆபத்து என்றதும் கெங்குசாமி தம்பிக்குத்தான் போன் போட்டார். போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகவே பதில் வந்தது. திரும்பத் திரும்பப் போட்டார். கடைசியில் பைக்கில் தனக்கும் மனைவிக்கும் நடுவில் பிள்ளையை உட்கார வைத்து, மழையோடு விளாத்திகுளம் போனார்கள். ஓடையைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது பிள்ளை போய்விட்டிருந்தாள்.

கல்யாணமாகாத பிள்ளை என்பதால் எரிக்கவில்லை. சொந்தப் புஞ்சையில், வரப்போரத்து உடைமுள் மரத்துக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். செய்தி கேட்டு சீனிச்சாமி ஓடிவந்தார். ஒரு கைப்பிடி மண் போட அவரை அண்ணன் விடவில்லை. அதோடு பேச்சு அற்றுப்போனது.

எங்கள் பக்கத்தில் இப்படிக் கன்னியாகப் போன பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒருநாள் பாவாடை தாவணி எடுத்து வைத்துக் கும்பிடுகிற வழக்கம் உண்டு. ஏன் அங்கே ஒரு கல்கூட நடவில்லை என்று ஜக்கம்மாளிடம் கேட்டேன். கல் நட்டால் சாமியாகிவிடுவாள், அப்புறம் பிள்ளை என்று கூப்பிட முடியாது என்றார்.

அண்ணனும் தம்பியும்

சென்னைக்குப் போன் போட்டேன். குழுத் தலைவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். ஒவ்வொரு புஞ்சையிலும் யாராவது புதைந்திருப்பார்கள், எல்லாவற்றுக்கும் வளைத்தால் லைன் போய்ச் சேராது என்றார். சட்டப்படி யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை, கலெக்டர் உத்தரவு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பக்கத்து நிலக்காரர் தானாக முன்வந்து இடம் தந்தால், பங்குனிக்குள் மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்றார்.

கணினியில் அது ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு கட்டத்தைத் தாண்டவே கூடாது என்று மாற்றி மறுபடி ஓடவிட்டேன். பாதை அப்படியே நகர்ந்து கிணற்றடியில் போய் உட்கார்ந்தது. வேறு எங்கேயும் போகவில்லை. நான் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரை விட்டால் இன்னொருவர். கூட்டுத்தொகையில் அது ஒரு சின்ன வித்தியாசமாகத்தான் தெரிந்தது.

சீனிச்சாமி அண்ணாச்சியைக் கிணற்றடியிலேயே பார்த்தேன். மல்லித்தழையைக் கட்டுக் கட்டாகக் கட்டி லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் காய்ந்து கிடந்த காட்டில் அந்த ஒரு துண்டு மட்டும் பச்சையாக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். டவரின் அஸ்திவாரம் வந்தால் கிணற்றை மூட வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

அவர் கட்டுவதை நிறுத்தவில்லை. முகம் கொடுக்காமலே பேசினார்.

"அவரு வந்து கேக்கட்டும். தாரேன்."

இதை எடுத்துக்கொண்டு கெங்குசாமியிடம் போனேன். நல்லது நடந்துவிடும் என்று உண்மையிலேயே நம்பினேன். வரப்புக்கு அந்தப் பக்கம் பத்து எட்டு நடந்தால் போதுமே என்று நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"நான் அவன்கிட்ட ஒரு தடவ கேட்டேன், தாயி. போன்ல. அணைச்சு வச்சுட்டான். அதுக்கு மேல அவன்கிட்ட கேக்க எனக்கு ஒண்ணும் இல்ல."

மறுபடி தம்பியிடம் போனேன். அண்ணன் வரமாட்டார் என்று சொன்னேன். அப்போ முடியாது என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

முடிவை எடுத்தது ஜக்கம்மாள்தான். ஒருநாள் காலையில் வெங்கடேசனிடம் சொல்லியனுப்பியிருந்தார். போனேன். புஞ்சையில் குச்சியைப் பிடுங்கிய அதே ஆள்தானா என்று நினைக்கும்படி அமைதியாகப் பேசினார். பிள்ளையை எடுத்து ஊர்ச் சுடுகாட்டில் வைத்துவிடலாம், அனுமதி வாங்க நான்தான் ஒத்தாசை செய்ய வேண்டும் என்றார். மேலே டவர் நிற்க அவள் கிடப்பதைவிட, நாலு பேரோடு கிடக்கட்டும் என்றார். கெங்குசாமி அண்ணாச்சி எழுந்து வெளியே போய்விட்டார்.

பங்குனி வெயிலில்

அனுமதி வந்தது. கிராம நிர்வாக அலுவலர், தோண்டுவதற்கு இரண்டு ஆட்கள், வெங்கடேசன், நான், அவர்கள் இருவர். வேறு யாரும் வர வேண்டாம் என்று ஜக்கம்மாள் சொல்லிவிட்டார். ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்று கையில் வைத்திருந்தார். அதில் பாவாடையும் பச்சைத் தாவணியும் புதிதாக இருந்தன. எடுத்ததும் அதில் சுற்றிக் கொண்டுபோக வேண்டும் என்று.

இந்த இடம் என்று காட்டினார். நிச்சயமாகக் காட்டினார்.

தோண்டினார்கள். பங்குனியில் கரிசல் மேலே பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், கை நுழைகிற அளவுக்கு. ஒரு முழம் போனால் ஈரம் பிசுபிசுக்கும். மம்பட்டியில் ஒட்டிக்கொண்டு விடாது. ஆட்கள் ஒவ்வொரு தடவையும் குச்சியால் வழித்துவிட்டு வெட்டினார்கள். இடுப்பளவு போனார்கள். ஒன்றும் இல்லை.

தலைமாட்டில் உடைமரம் இருந்ததே என்று வெங்கடேசன் கேட்டார். மரம் இப்போது இல்லை. பிள்ளை போனதற்கு அடுத்த மழைக்கு ஓடை உடைத்து வரப்பும் மரமும் போய்விட்டன. பிறகு அளந்து புது வரப்பு போட்டார்கள். அதற்குப் பிறகு டிராக்டர் எத்தனையோ தடவை உழுதுவிட்டது. பழைய வரப்பு எங்கே இருந்தது என்பதில் கெங்குசாமிக்கும் அலுவலருக்கும் ஒரே கருத்து வரவில்லை.

கொஞ்சம் தள்ளித் தோண்டினார்கள். பிறகு வரப்பை ஒட்டி. அங்கேயும் வெறும் மண்தான். இந்த மண் சும்மா கிடக்காது. வெயிலுக்கு வெடிக்கும், மேல்மண் வெடிப்புக்குள் விழும், மழைக்கு உப்பி மூடிக்கொள்ளும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மண்ணில் சாய்ந்துபோன ஒரு டவரை நிமிர்த்தப் போயிருக்கிறேன். கான்கிரீட்டையே தள்ளுகிற மண். அன்றைக்கு அந்த நினைப்பை ஒதுக்கித் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

வெயில் ஏறிவிட்டது. ஆட்கள் வெளியே ஏறி உட்கார்ந்தார்கள். ஜக்கம்மாள் குழிக்குள் இறங்கினார். யாரும் தடுக்கவில்லை. மண்கட்டிகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கையால் உதிர்த்துப் பார்த்தார். உதிர்த்ததை ஒரு பக்கம் ஒதுக்கினார். அழவில்லை. அரிசியில் கல் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒரு வளையல் துண்டாவது கிடைத்துவிடாதா என்று நானும் உதிர்ந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை.

கெங்குசாமி அண்ணாச்சி கைகொடுத்து அவரை மேலே ஏற்றினார். அந்த அக்கா மண்மேட்டில் உட்கார்ந்து, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"அப்பம் இந்தப் புஞ்ச பூராவும் எம்புள்ளதான். நீங்க எங்கன வேணாலும் குச்சி அடிங்கம்மா. எங்கன அடிச்சாலும் அவ மேலதான்."



வரப்பைத் தாண்டி

சீனிச்சாமி அண்ணாச்சி காலையிலிருந்தே கிணற்றடி மோட்டார் ரூம் நிழலில் நின்றுகொண்டிருந்தார். நான் கவனித்தேன். மற்றவர்களும் கவனித்திருப்பார்கள். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இப்போது வரப்பைத் தாண்டி வந்தார். செருப்பைக் கழற்றி வரப்பிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தார். அண்ணனுக்கு முன்னால் நின்று தெலுங்கில் ஏதோ சொன்னார். ஒரே ஒரு வாக்கியம். கெங்குசாமி தலையைத் தூக்கவில்லை. ஜக்கம்மாள் மட்டும் தூக்கினார்.

பிறகு என்னிடம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"கிணத்து மேட்டுல வைங்க மேடம். அந்த இடம் பூராவும் நான் தோண்டுன மண்ணு. அங்கன புள்ள இல்ல."

கிணறு போய்விடுமே என்று அலுவலர் ஆரம்பித்தார். தெரியும் என்று சீனிச்சாமி சொல்லிவிட்டார்.

கெங்குசாமி அண்ணாச்சி மம்பட்டியை எடுத்து முதல் குழியைத் தூர்க்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சீனிச்சாமியும் தோண்ட வந்தவர்களிடமிருந்து ஒரு மம்பட்டியை வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை அண்ணன் தடுக்கவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து மண்ணைத் தள்ளினார்கள்.

ஜீப்பில் திரும்பும்போது, தம்பி என்ன சொன்னார் என்று வெங்கடேசனிடம் கேட்டேன். அவருக்கும் வீட்டில் தெலுங்குதான். எட்டயபுரம் ரோடு வந்த பிறகு சொன்னார்.

"'அன்னைக்குக் காலையில இருந்தே எங்க ஊருல கரண்ட் இல்லண்ணே. போன் செத்துக் கெடந்துச்சு.' இதான் மேடம் சொன்னாரு."

சீனிச்சாமி குடியிருந்த அந்த ஊர் எனக்குத் தெரியும். நீளமான ஒரு மின்பாதையின் கடைசி நுனியில் இருக்கிற ஊர். நல்ல மழை பெய்தால் வழியில் எங்காவது கம்பி அறும், எங்கே அறுந்தது என்று தேடிப் பிடித்துக் கட்டுவதற்குள் பொழுது போய்விடும். மறுபக்கத்திலிருந்து ஒரு இணைப்பு கொடுத்திருந்தால் நிற்காது. ஆனால் அந்தப் பக்கம் வீடுகள் குறைவு, பயன்பாடு குறைவு. செலவையும் பலனையும் வைத்துக் கணக்குப் போட்டால் அப்படி ஒரு இணைப்பு எந்த வருஷமும் தேறாது. நானே போட்டிருந்தாலும் தேறியிருக்காது.

இத்தனை வருஷமாக ஏன் சொல்லாமல் இருந்தார் என்று கேட்டேன். அன்னைக்குச் சொன்னா யாரு மேடம் நம்புவா என்றார் வெங்கடேசன்.

மூடிய கிணறு

கிணற்றை மூடினார்கள். மோட்டாரைக் கழற்றி, படிக்கல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டு, லாரி லாரியாகக் கல்லும் மண்ணும் கொட்டினார்கள். முதல் லோடு தண்ணீரில் விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு நான் ஜீப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன். அந்த மல்லித்தழைத் தோட்டம் அந்த வருஷத்தோடு முடிந்தது. சீனிச்சாமி அண்ணாச்சி முழுநேரமும் லோடு ஆட்டோ ஓட்டப் போய்விட்டார். நஷ்டஈடு கிடைத்தது. தண்ணீருக்கு அது ஈடில்லை என்று எல்லோருக்கும் தெரியும், அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

டவர் கிணற்று மேட்டில் எழுந்தது. கூடுதல் வளைவு, கூடுதல் இரும்பு. கணினி சொன்ன வழியைவிட நாங்கள் போட்ட வழிக்குச் செலவு அதிகம். காரணம் என்ற இடத்தில், நில உரிமையாளர்களின் விருப்பம் என்று எழுதிக் கொடுத்தேன். குழுத் தலைவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கெங்குசாமியின் புஞ்சையில் அதற்குப் பிறகு ஏர் இறங்கவில்லை. டிராக்டர்காரர்களையும் ஜக்கம்மாள் விடவில்லை. அடுத்த மழைக்குக் கோரையும் வேலிக்கருவையும் முளைத்தன. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்கிறார்களா என்று வெங்கடேசனிடம் விசாரித்தேன். நல்லது கெட்டதுக்கு வந்து போகிறார்கள், அதிகம் பேச்சு இல்லை என்றார். பிள்ளை போனதிலிருந்து பேசாமல் கழிந்த இத்தனை வருஷத்தை என்ன செய்வது என்று இரண்டு பேருக்குமே தெரியாமல் இருந்திருக்கலாம்.

நான் இன்னமும் பாதை போடுகிற வேலையில்தான் இருக்கிறேன். கிணற்றுக்கு வைத்த விலையைக் குறைக்கவில்லை. ஆனால் குச்சி அடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு நிலக்காரரிடமும், இந்தக் காட்டில் உங்கள் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். சிலர் இல்லை என்பார்கள். சிலர் எங்கேயோ ஒரு மூலையைப் பார்த்துவிட்டு, அப்புறம் இல்லை என்பார்கள்.

லைனில் மின்சாரம் ஏறிய பிறகு

மின்சாரம் ஏற்றிச் சில வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஐப்பசி. மழை விட்டிருந்தது. கெங்குசாமி அண்ணாச்சி வெளியூர் போயிருந்தார். உள்ளே கரண்ட் இல்லை. சுவரில் வனிதாவின் பள்ளிக்கூடத்துப் போட்டோ, அதன் ஆணியில் அந்த மஞ்சள் பை தொங்கியது. ஜக்கம்மாள் கதவைத் திறந்து வைத்து வெளிச்சத்தில் என்னை உட்கார வைத்தார். காப்பி கொடுத்தார்.

கதவு வழியாகப் பார்த்தால் தூரத்தில் டவர்கள் வரிசையாகத் தெரிந்தன. ஈரத்தில் கம்பிகளிலிருந்து லேசான இரைச்சல் வந்துகொண்டிருந்தது.

"இந்தக் கம்பியில போற கரண்டு எங்கம்மா போகுது?"

"ரொம்பத் தூரம் போகுதுக்கா. பெரிய பெரிய ஊருக்கெல்லாம்."

அவர் டவர்களைப் பார்த்தபடியே கேட்டார்.

"அங்கனயெல்லாம் கரண்டு நிக்காம இருக்கும்லா?"

"இருக்கும்க்கா."

"இருக்கட்டும்" என்றார். காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, இருட்டாயிருந்த அடுப்படிக்குள் போனார்.